பாவாத்தாளின் நாடா

பாவாத்தாளிடம் எதைக் கேட்டாலும் முதல் பதில் "பரவாயில்லீங்க" என்றுதான் வரும். காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்றால் பரவாயில்லீங்க. ஓடு உடைந்து மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததாமே என்றால் பரவாயில்லீங்க. ஒரு தடவை காந்திபுரம் டவுன் பஸ்ஸில் ஒரு தடியன் அவள் காலை மிதித்துக்கொண்டே மூன்று ஸ்டாப் வந்தான். இறங்கும்போதுதான் கீழே பார்த்து, "மிதிச்சுப்போட்டனுங்களா?" என்று கேட்டான். இவள் சிரித்த முகத்தோடு, "பரவாயில்லீங்க, பாத்து எறங்குங்க" என்றாள். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அவனை நாலு கேள்வி கேட்டேன். அதற்குள் அவன் இறங்கிவிட்டதால் நாலு கேள்வியும் கண்டக்டருக்குத்தான் போய்ச் சேர்ந்தன.

என் பெயர் பங்காரம்மா. வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு, வெளியே கோயமுத்தூர்த் தமிழ். கோபம் வந்தால் எனக்கு இரண்டும் கலந்து வரும். கணபதியில் எங்கள் வீட்டுக்கும் பாவாத்தாள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவர் வழியாக இருபது வருஷம் அவளுடைய தையல் மிஷின் சத்தத்தையும் சிரிப்புச் சத்தத்தையும் கேட்டிருக்கிறேன்.

அவள் தைத்தது உள்பாவாடை. டவுன் ஹால் பக்கத்துக் கடைகளிலிருந்து பாப்ளின் துணி கட்டுக்கட்டாக வரும். வெட்டி, தைத்து, நாடா கோத்து, டஜன் டஜனாக அடுக்கி அவளே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். அவள் தைத்த பாவாடையில் நாடா ஒருநாளும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளாது. நுனியை இரண்டு மடிப்பு மடித்து ஒரு முடிச்சும் போட்டிருப்பாள். நைலான் நாடாவாக இருந்தால் ஊதுபத்தி நெருப்பில் நுனியை ஒரு கணம் காட்டி, நூல் பிரியாமல் உருக்கிவிடுவாள். "நுனியைச் சும்மா உட்டா அது நம்மளைச் சும்மா உடாதுங்கக்கா" என்பாள்.

சிரிப்பு அவளுக்கு மூன்று கட்டமாக வரும். முதலில் மூக்கில் ஒரு சத்தம். அடுத்து தோள் குலுங்கும். கடைசியில் மிஷின் மேலேயே கவிழ்ந்துவிடுவாள். அதற்குப் பெரிய நகைச்சுவை எதுவும் வேண்டியதில்லை. அவள் வீட்டுக்காரர் காளிச்சாமி ஒருநாள் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனதற்கே ஒரு வாரம் சிரித்தாள். காளிச்சாமி மோட்டார் பம்ப் வார்க்கும் பட்டறையில் வேலை. நல்ல மனிதர். ஆனால் ஒரு நாளைக்கு ஆறு வார்த்தைக்கு மேல் பேசினால் வாய் தேய்ந்துவிடும் என்று நினைப்பவர். ஒரே மகளைச் சத்தியமங்கலத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. முதலில் நான் கவனிக்கவில்லை. ஒருநாள் எங்கள் வீட்டுக்காரர் வெங்கடபதி ரேஷன் கடையில் யாரோ ஒருவருடைய பையை மாற்றி எடுத்து வந்த கதையைச் சொன்னேன். பழைய பாவாத்தாளாக இருந்தால் மிஷின் மேல் விழுந்திருப்பாள். இவளோ முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, முகம் சிவக்க, எழுந்து உள்ளே ஓடிவிட்டாள். திரும்பி வரவே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. என் கதை அத்தனை மோசமா? பத்து நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். கோபப்படுவதில் எனக்கு அப்படி ஒரு திறமை.

பத்தாம் நாள் காலையில் கொடியில் அவளுடைய சீலை காய்ந்துகொண்டிருந்தது. காற்றில் அது தூக்கிக்கொண்டபோது அடியில் பாப்ளின் துண்டுகள் தெரிந்தன. வெட்டித் தள்ளும் துணியை நாலாக மடித்து, நாலு பக்கமும் அடித்துத் தைத்த தடிமனான துண்டுகள். எண்ணினேன், பதினொன்று. மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆகிறது என்று அவளே என்னிடம் சொல்லியிருந்தாள். பிறகு இது எதற்கு? கோபத்தை அங்கேயே விட்டுவிட்டு நேராக உள்ளே போனேன்.

"என்னடி அது கொடியில?"

"ஒண்ணுமில்லீங்கக்கா."

"பதினொரு ஒண்ணுமில்லையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சிரிச்சாப் போயிருதுங்கக்கா."

"எது போயிருது?"

"அதுதானுங்க."

"எதுடி?"

"ஒண்ணுக்குங்க" என்றாள். அதைச் சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்து, சிரித்ததும் முகம் மாறி, மறுபடி உள்ளே ஓடினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கதை நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

பிறகு மெதுவாக எல்லாம் வெளியே வந்தது. மகளைப் பெற்ற பிறகே தும்மினால் கொஞ்சம் கசியுமாம். நாற்பத்தைந்து தாண்டியதும் அது கூடிவிட்டது. இருமினால், குடம் தூக்கினால், பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறினால், எல்லாவற்றையும் விடச் சிரித்தால். டவுனுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். துணியைக் கடைக்காரர் ஆளே வந்து எடுத்துப்போகிறார். சத்தியமங்கலத்து மகளிடம் போய் ஒன்பது மாதமாகிறது. இரண்டு மணி நேர பஸ் பயணத்துக்குப் பதினொரு துண்டும் போதாது. விசேஷ வீடுகளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். காளிச்சாமிக்குத் தெரியுமா என்றேன். "தெரியுமுங்க. ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு" என்றாள். அது எனக்கும் தெரியும்.

"டாக்டர்கிட்டப் போலாம் வா."

"பரவாயில்லீங்கக்கா."

அன்றைக்கு நான் தெலுங்கில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அவளைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. தொண்ணூற்றெட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெயர் வேண்டாம். சிறுநீர்ப் பிரச்சினைகளைப் பார்க்கும் டாக்டர் சசிதர், முப்பத்தைந்து வயதுக்குள். அமைதியான முகம். ஆண் டாக்டரைப் பார்த்ததும் பாவாத்தாள் திரும்பி நடக்கப் பார்த்தாள். வாசலில் நர்ஸ் கனகம் நின்றாள். "நான் கூடவே இருக்கறேனுங்கம்மா" என்று அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

டாக்டர் சோதித்துவிட்டுப் படம் வரைந்து காட்டினார். மூத்திரப் பையிலிருந்து வரும் குழாயைக் கீழிருந்து தாங்குகிற சதை தளர்ந்துவிட்டது. அதற்கு அடியில் ஒரு வலைத் துண்டை ஊஞ்சல் போலப் போட்டுவிட்டால் இருமும்போதும் சிரிக்கும்போதும் குழாய்க்குப் பிடிமானம் கிடைக்கும். குடலிறக்க ஆபரேஷனுக்கு வைக்கிற செயற்கை இழை வலைதான், அதில் நீளமாக ஒரு துண்டு வெட்டி வைப்போம் என்றார்.

"வலையா? மீன் புடிக்கறதுங்களா?" பாவாத்தாள் பயந்துபோனாள்.

"வலைன்னா வலை இல்லைங்கம்மா. இத்தனை அகலம்தான்." அவர் சுண்டுவிரலைக் காட்டினார். "நாடா மாதிரின்னு வெச்சுக்குங்க."

அந்த ஒரு வார்த்தையில் அவள் பயம் போய்விட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நாடான்னா எனக்குத் தெரியுமுங்க டாக்டரு. இறுக்கிக் கட்டீராதீங்க. இறுக்கினா சதையை அறுத்துப்போடும். லூசா உட்டாப் பாவாடை நிக்காது."

டாக்டர் சிரித்துவிட்டார். "தொட்டும் தொடாமலும் வைக்கிறேன், போதுங்களா?"

"போதுமுங்க" என்றவள் எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினாள். "நுனியை என்னுங்க பண்ணுவீங்க?"

"நுனி தானா உள்ளேயே ஒட்டிக்கும்மா. முடிச்சுக்கூட வேண்டாம்."

அவளுக்கு அதில் திருப்தி இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் பரவாயில்லீங்க என்று சொல்லிவிட்டாள்.

ஆபரேஷன் முடிந்தது. டியூபும் பையுமாக நாலு நாள். டியூபை எடுத்த பிறகு மூத்திரம் வராமல் ஒரு நாள் திண்டாட்டம். அதன் பிறகு எல்லாம் ஒழுங்காயிற்று. வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் காலையில் நான் அரிசி களைந்துகொண்டிருக்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கில் ஒரு சத்தம். அப்புறம் தோள் குலுங்கியிருக்கும், எனக்குத் தெரியாது. அப்புறம் மிஷின் மேல் தொப்பென்று விழுந்த சத்தம். அரிசியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். அவள் மிஷினைக் கட்டிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு சொட்டு இல்லீங்கக்கா!"

"எதுக்குடி சிரிச்ச?"

"எதுக்குமில்லீங்க. சும்மா சிரிச்சுப் பாத்தனுங்க."

அந்த வாரமே பதினொரு துண்டையும் மிஷின் துடைக்கும் துணியாக்கினாள். துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். சத்தியமங்கலம் போய் மகளோடு எட்டு நாள் இருந்துவிட்டு வந்தாள். வரும்போது பஸ்ஸில் கடைசி சீட்டாம், தூக்கித் தூக்கிப் போட்டதாம். போட்டால் என்ன என்றாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. எனக்கும் என்னமோ நானே ஆபரேஷன் பண்ணியதுபோல் ஒரு பெருமை. தெருவில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன், எந்த இடத்தில் ஆபரேஷன் என்று மட்டும் சொல்லாமல்.

ஐந்தாம் மாதம் மிஷின் சத்தம் மாறியது. கட கட என்று ஓடுவது நடுநடுவே நின்று நின்று ஓடியது. போய்ப் பார்த்தால் பாவாத்தாள் ஸ்டூலில் ஒரு பக்கமாக, பாதி உட்கார்ந்தும் பாதி உட்காராமலும் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஸ்டூல் மேல் வெட்டுத்துணி அடைத்த ஒரு மெத்தை.

"என்னடி?"

"சூட்டுக்குங்கக்கா. பரவாயில்லீங்க."

அந்த வருஷம் மூன்று தடவை டாக்டர் அவளை வரச்சொல்லிப் பார்த்தார். முதல் தடவை உள்ளே சோதித்துப் பார்த்தார், எல்லாம் சுத்தமாக இருந்தது. அடுத்த இரண்டு தடவையும் நானும் கூடப் போனேன். "எப்படி இருக்கீங்கம்மா?" என்பார். "பரவாயில்லீங்க" என்பாள். "ஒழுகுதா?" "இல்லவே இல்லீங்க." "சோதிச்சுப் பாத்துரலாமா?" "வேண்டாங்க, நல்லாயிருக்குதுங்க, உங்குளுக்கு எதுக்குங்க செரமம்." அவர் எழுதிக்கொள்வார். வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். நான் டாக்டரையும் விட மாட்டேன். எப்படி இருக்கீங்க என்று கேட்டுக்கொண்டே பேனா மூடியைத் திறந்தால் எங்கள் ஊரில் யார்தான் நன்றாக இல்லை என்று சொல்வார்கள்?

மூன்றாவது தடவை போய்விட்டு வந்த அன்று பஸ்ஸில் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. கணபதி வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்பச் சொல்லு. இல்லைன்னா நான் இந்தச் சுவத்துல இன்னொரு சுவரு கட்டிக்குவேன்."

சொன்னாள். உட்கார்ந்தால் உள்ளே குத்துகிறது. வெள்ளை படுகிறது, சில நாள் ரத்தக் கறையும் தெரிகிறது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாள் குறைந்து மறுபடி வந்தது. "எனக்குத் தெரியுமுங்கக்கா. நாடாவோட ஓரந்தானுங்க. கத்திரியில வெட்டுன நைலான் நாடா எப்படிக் குத்துமுன்னு எனக்குத் தெரியாதுங்களா? அப்பவே கேட்டனுங்க நுனியை என்ன பண்ணுவீங்கன்னு."

"தெரிஞ்சும் ரெண்டு தடவை பரவாயில்லைன்னு சொல்லிட்டு வந்தியா? அந்த டாக்டர் தம்பி மனசு நோகும்னா?"

"அதுவுமுங்க..." என்று இழுத்தாள். பிறகு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். "சொன்னா நாடாவை உருவிப்போடுவாங்கக்கா. உருவுனாப் பழையபடி ஆயிருமுங்க. குத்துனாக் குத்தட்டுமுங்க. எனக்குச் சிரிக்கோணுமுங்க."

இத்தனை நாள் மரியாதை என்று நினைத்து நான் திட்டிக்கொண்டிருந்தது பயம். சிரிப்பைத் திரும்பப் பறித்துவிடுவார்களோ என்ற பயம். அவள் கேட்டதும் பெரிதாக ஒன்றும் இல்லை, மிஷின் மேல் விழுந்து சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக ஒரு ஊசி மேல் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கும் அழுகை வந்தது, அதை மறைக்க இன்னும் நாலு திட்டுத் திட்டினேன். அடுத்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு எழுந்தேன். போகிற வழியில் பட்டறையிலிருந்து வந்துகொண்டிருந்த காளிச்சாமியிடம், "நீங்களும் வாரீங்க" என்றேன். "சரீங்க" என்றார். அன்றைய ஆறில் ஒன்று.

வியாழக்கிழமை. டாக்டர் மேஜைக்கு முன்னால் பாவாத்தாளும் நானும். காளிச்சாமி கதவோரம் சைக்கிள் சாவியை உருட்டிக்கொண்டு நின்றார். கனகம் பைலை எடுத்து வைத்தாள்.

"சொல்லுங்கம்மா, எப்படி இருக்கீங்க?" பேனா மூடி திறந்தது.

வரும் வழியெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தேன். குத்துது, ரத்தம் வருது, சோதிச்சுப் பாருங்க. மூன்றே மூன்று வாக்கியம். பாவாத்தாள் என்னைப் பார்த்தாள். டாக்டரின் சாந்தமான முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"பரவாயில்லீங்க."

அவள் தொடையில் கிள்ளினேன். அவள் நெளிந்தாள், அவ்வளவுதான். டாக்டர் எழுதத் தொடங்கினார். சரி, நானே சொல்லிவிடலாம் என்று நான் மூச்சு இழுப்பதற்குள் கதவோரமிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க டாக்டர்."

எல்லாரும் திரும்பினோம். காளிச்சாமி சாவியைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்குமுங்க குத்துது."

எனக்கு முதலில் புரியவே இல்லை. இந்த மனிதருக்கு எங்கே குத்துகிறது, இவர் ஏன் இங்கே வந்து சொல்கிறார் என்று நினைத்தேன். கனகம் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவள் முதுகு ஆடியது. பாவாத்தாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அய்யோ ராமா! கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அந்த மனிதர் மூன்றாம் மனிதரிடம் வீட்டு விஷயம் பேசியது அதுதான் முதல் தடவை.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். எழுதியதைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். "எத்தனை நாளாங்க?"

"மூணு மாசமுங்க" என்ற காளிச்சாமி, தன் கடமை முடிந்தது என்று வெளியே போய்விட்டார்.

முந்தானைக்குள்ளிருந்து மூக்கில் ஒரு சத்தம் வந்தது. தோள் குலுங்கியது. மிஷின் இல்லாததால் பாவாத்தாள் டாக்டர் மேஜை மேலேயே கவிழ்ந்தாள். கனகமும் விட்டுவிட்டாள், நானும் விட்டுவிட்டேன். சிரித்து முடித்து நிமிர்ந்தபோது பாவாத்தாளிடம் எதுவும் மிச்சமில்லை, வெட்கமும் இல்லை பயமும் இல்லை. "எனக்கும் குத்துதுங்க டாக்டரு. நாடா ஓரமுங்க. அஞ்சாம் மாசத்துலருந்துங்க" என்று மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

சோதித்துவிட்டு வந்து டாக்டர் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். நாடாவுக்கு மேலே மூடியிருந்த தோல் விரலகலத்துக்கு விலகிவிட்டது, வெட்டிய ஓரத்தில் இழை பிரிந்து வெளியே தெரிகிறது என்றார். இந்த வலையை வைத்தால் சிலருக்கு இப்படி ஆகும், ஆபரேஷனுக்கு முன்பே நான் இதை விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, நீங்கள் வேண்டாமென்றாலும் கட்டாயம் சோதித்திருக்க வேண்டும், அதையும் செய்யவில்லை, தப்பு என்னுடையது என்றார். ஒரு டாக்டர் வாயிலிருந்து அப்படிக் கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையில் போட்டுக்கொண்டேன்.

"உருவிப்போடுவீங்களா?" பாவாத்தாள் முந்திக்கொண்டு கேட்டாள்.

"முழுசா எடுக்க வேண்டியதில்லைன்னு நினைக்கிறேன்..."

அவள் அவரை முடிக்க விடவில்லை. மேஜை மேலிருந்த மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்தாள். "இங்க பாருங்க. இதுதான் பாவாடைப் பட்டி, இதுக்குள்ள நாடா. பட்டி விட்டுப்போச்சு, நாடா வெளிய எட்டிப் பாக்குது. நாம என்னுங்க பண்ணுவோம்? நாடாவையே உருவுவோமா? வெளிய வந்த பிசுறை மட்டும் ஒட்ட வெட்டோணும். அப்பறம் பட்டியை ரெண்டு பக்கமும் சித்த பிரிச்சு, இழுத்து, ஒண்ணு மேல ஒண்ணு ஏறுனாப்புல மூடித் தெச்சரோணும். ஓரத்தோட ஓரம் வெச்சுத் தெச்சீங்கன்னா மறுக்கா விட்டுப்போயிருமுங்க."

டாக்டர் அந்தச் சீட்டையும் அவள் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். "இதைத்தாங்கம்மா நானும் சொல்ல வந்தேன்" என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார். "ஆனா ஒண்ணு. வெட்டுற அளவைப் பொறுத்துப் பிடிமானம் குறையலாம். பழையபடி கொஞ்சம் கசியலாம். கசியாதுன்னு நான் உறுதி சொல்ல முடியாது."

பாவாத்தாள் அந்த மருந்துச் சீட்டை மடித்து மடித்துப் பிரித்தாள். வழக்கமாக அந்த இடத்தில் வரும் வார்த்தை வரவில்லை. கடைசியில், "பிசுறை மட்டும் வெட்டுங்க. அதுக்கு மேல கத்திரி போகக்கூடாதுங்க" என்றாள். பஸ்ஸில் காலை மிதித்தவனிடம்கூட அவள் அந்தக் குரலில் பேசியதில்லை.

இரண்டாவது ஆபரேஷன் முக்கால் மணி நேரம். வெட்டி எடுத்த துண்டைக் கனகம் ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்து காட்டினாள். நகத்தளவுதான் இருக்கும். பாவாத்தாள் படுத்தபடியே அதை வெளிச்சத்தில் பிடித்து, தையல்காரிக் கண்ணால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கத்திரி மொண்ணைங்க அம்மணி. டாக்டருகிட்டச் சொல்லுங்க, சாணை புடிக்கச் சொல்லி" என்றாள். கனகம் அதை அப்படியே போய்ச் சொன்னாளாம்.

அதே வாரம் டாக்டர் இன்னொரு காரியமும் செய்தார். தன்னிடம் நாடா வைத்துக்கொண்ட மற்ற எட்டுப் பெண்களுக்கும் கனகத்தை விட்டு போஸ்ட் கார்டு எழுதச் சொன்னார். என்ன எழுதுவது என்று அவள் கட்டிலருகே வந்து யோசித்தபோது பாவாத்தாள்தான் சொன்னாள். "எப்படி இருக்கீங்கன்னு எழுதாதீங்க கண்ணு. எங்க குத்துதுன்னு எழுதுங்க." எட்டில் இரண்டு பேர் வந்தார்கள், ஒருத்தி பவானியிலிருந்து, ஒருத்தி பல்லடத்திலிருந்து. இரண்டு பேரும் பைலில் "நலம்" என்று எழுதப்பட்டவர்கள். எத்தனை பரவாயில்லீங்க!

இரண்டு மாதம் மிஷின் ஓடவில்லை. சிரிக்கவும் கூடாது என்று உத்தரவு. நான் அவள் வீட்டுக்குப் போய் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதைப் பார்த்தாலே அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் போவதையே நிறுத்திக்கொண்டேன். இரண்டு மாதமும் எங்கள் இருவர் மனதிலும் ஒரே கேள்விதான். பழையபடி ஆகிவிட்டதா இல்லையா? அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

டாக்டர் குறித்துக் கொடுத்த நாளில் மறுபடி அதே அறை. அதே நாற்காலிகள். காளிச்சாமி அதே கதவோரம், அதே சாவி. உள்ளே சோதித்துவிட்டு டாக்டர் சொன்னார்: தையல் அருமையாகச் சேர்ந்திருக்கிறது, ஓரம் எங்கும் தெரியவில்லை. உட்கார்ந்தால் குத்துகிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். அழுத்திக் கேட்டார். நாற்காலியில் ஒரு தடவை எழுந்து பொத்தென்று உட்கார்ந்து காட்டினாள்.

"இப்ப இருமுங்க."

இருமினாள். ஒன்றுமில்லை.

"சிரிங்க."

அவளால் முடியவில்லை. சிரி என்றால் யாருக்குத்தான் வரும்? உதட்டை இழுத்துப் பார்த்தாள், ஹி ஹி என்று ஒரு பொய்ச் சிரிப்பு வந்தது. அது கணக்கில் சேராது என்று எல்லாருக்கும் தெரிந்தது. கனகம் ஏதோ துணுக்குச் சொன்னாள், எடுபடவில்லை. நான் ரேஷன் பைக் கதையை மறுபடி எடுத்தேன். அவள் முகத்தில் பயம்தான் இருந்தது. கையிரண்டும் முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தன.

"ஏனுங்க டாக்டர்" என்றார் காளிச்சாமி.

பாவாத்தாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஐயோ சாமி, வேண்டாமுங்க!"

"இப்ப எனக்குக் குத்தறதில்லீங்க."

மூக்கில் சத்தம் வந்ததா, தோள் குலுங்கியதா என்று பார்க்க நேரமில்லை. மூன்று கட்டமும் ஒன்றாக வந்தன. மேஜை மேல் கவிழ்ந்தாள், பேனா உருண்டு கீழே விழுந்தது. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். இந்தத் தடவை டாக்டரும் சிரித்தார். காளிச்சாமிகூட லேசாகப் பல்லைக் காட்டினார். பாதிச் சிரிப்பில் பாவாத்தாள் சட்டென்று நிறுத்தினாள். எழுந்து திரைக்குப் பின்னால் போனாள்.

நாங்கள் நாலு பேரும் அந்தப் பச்சைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளியே வந்து நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். அளவு சொல்லும் தையல்காரியின் குரலில் சொன்னாள்.

"ரெண்டு சொட்டுங்க."

"ரெண்டே சொட்டா?"

"ரெண்டுங்க. மூணு இல்லீங்க."

டாக்டர் குனிந்து பேனாவை எடுத்தார், ஆனால் மூடியைத் திறக்கவில்லை. அவளையே பார்த்துக் கேட்டார். "உங்களுக்கு அது எப்படிம்மா இருக்கு?"

பாவாத்தாள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். காளிச்சாமியைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள், அவள் கவிழ்ந்த இடத்தில் காகிதங்கள் கசங்கிக் கிடந்தன. அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"பரவாயில்லீங்க" என்றாள்.

டாக்டர் எழுதாமல் என் பக்கம் திரும்பினார். கிள்ளப் போகிறேனா என்று பார்த்தார் போலிருக்கிறது.

"எழுதிக்குங்க டாக்டர்" என்றேன். "இது நெசமுங்க."